மருந்துதான் முதலில் என்று சொன்ன நாள்

சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்குப் போகும் இளம் அறுவை மருத்துவர்கள் என்னைப் பார்த்தால், ரத்தம் நிற்காதபோது என்ன செய்தீர்கள், மயக்க மருந்து டாக்டர் வராத நாளில் எப்படிச் சமாளித்தீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். அதெல்லாம் செய்யச் செய்யக் கைக்கு வந்துவிடும். நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது, கத்தியைக் கையில் எடுக்காமல் காத்திருந்த நான்கு மாதங்களைப் பற்றி. என் வேலைநாட்களில் அந்த நான்கு மாதங்களைப் போல எதுவும் என்னை அலைக்கழித்ததில்லை.

கோவில்பட்டியில் இருபது படுக்கை கொண்ட ஓர் ஆஸ்பத்திரியில் பல வருடங்கள் இருந்தேன். தொண்ணூறுகளில் சுற்றுவட்டாரத்தில் ஆபரேஷன் செய்யும் பெண் டாக்டர் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். பெண்கள் மார்பில் கட்டி என்று தெரிந்தும், ஆண் டாக்டர் முன்னால் ரவிக்கையைக் கழற்றக் கூசி, மாதக்கணக்கில் மூடி மறைத்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வருவார்கள். அந்தக் ‘கடைசியில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சுண்டைக்காய் அளவில் வந்த கட்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆஸ்பத்திரி மாடியிலேயே எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாயங்கால நோயாளிகள் போன பிறகு பேச்சுத் துணைக்கு யாரும் கிடையாது. அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. தனியாக இருக்கிறவர்கள் தனியாக முடிவெடுத்துப் பழகிவிடுகிறோம். பழகியபின் அதைத் திறமை என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தக் கதைக்கு அது தேவைப்படுகிறது.

முதலில் என் பிழை ஒன்று.

நான் வேலையில் சேர்ந்து இரண்டாவதோ மூன்றாவதோ வருடம். நாகலாபுரத்துப் பக்கத்திலிருந்து வெள்ளாமை செய்யும் ஒரு சம்சாரி வீட்டு அம்மாவைக் கூட்டிவந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். கட்டி பெரிது. மேல்தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி குழிகுழியாகத் தடித்திருந்தது. இந்த நிலைப் புற்றுக்கு முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும் என்று நான் படித்திருந்தேன். படித்ததும் தெரியும், பரீட்சையில் எழுதியதும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த அம்மாவின் பிள்ளைகள் இரண்டு பேரும், “மிளகாய்ப் பழம் எடுக்குற சமயம் டாக்டரம்மா, திரும்பத் திரும்ப வர ஏலாது, இப்பவே எடுத்துருங்க” என்று நின்றார்கள். எனக்கும் கை துறுதுறுத்தது. மூன்றாம் நாள் எடுத்துவிட்டேன். சுத்தமான ஆபரேஷன் என்று எனக்கே பெருமை. தோல்தான் இழுத்துப் பிடித்தும் சேரவில்லை. சேர்த்தே ஆகவேண்டும் என்று சேர்த்தேன்.

ஐந்து மாதம் கழித்து அந்த அம்மா வந்தார். தையல் போட்ட தழும்பின் மேலேயே வரிசையாகச் சின்னச் சின்ன முடிச்சுகள். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அவர் ரவிக்கைக் கொக்கியை மாட்டிக்கொண்டே என்னைச் சமாதானப்படுத்தினார். “நீங்க நல்லாத்தான் எடுத்தீங்க. இது என் விதி.” அந்த வருடம் முடிவதற்குள் இறந்துவிட்டார்.

முதலில் மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் வேர் விட்டுப் பரவிய இடத்தில் கத்தி வைத்து, சுத்தமாக எடுத்துவிட்டதாக நானே என்னை ஏமாற்றிக்கொண்டேன். இனி யார் எவ்வளவு கெஞ்சினாலும், யார் எவ்வளவு மிரட்டினாலும், மருந்து முதலில் என்றால் மருந்துதான் முதலில் என்று அன்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு பிழையிலிருந்து பாடம் கற்றுக்கொண்டு இறுகிப்போகிறவர்கள் அடுத்த பிழைக்குத் தயாராகிறார்கள் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

சில வருடங்கள் கழித்து சண்முகத்தாய் வந்தாள். தொண்ணூறுகளின் கடைசி, ஆவணி மாதம், மழைக்கு முந்திய வெக்கை. பசுவந்தனைக்காரி. நாற்பத்திரண்டு வயது. புருஷன் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அண்ணன் வீட்டில், தொழுவத்தை ஒட்டிய ஓர் அறையில் இருந்துகொண்டு, தினமும் பஸ் ஏறிப் புதியம்புத்தூர் போய் ரெடிமேட் துணி தைக்கும் யூனிட்டில் வேலை பார்த்தாள். சின்னப் பிள்ளைகளுக்கான கவுனுக்குக் கை வைத்துத் தைப்பது அவள் வேலை.

அண்ணன் கந்தசாமி கூட வந்திருந்தார். பருத்தியும் உளுந்தும் போடுகிற, சொந்த நிலம் உள்ள சம்சாரி. நல்ல உயரம், உறுமுவது போன்ற குரல். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். எப்போது பார்த்தாள், வலி உண்டா, மாதவிலக்கு நின்றுவிட்டதா என்பது வரைக்கும். கடைசிக் கேள்விக்கு மட்டும் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

இடது மார்பில் பெரிய எலுமிச்சம்பழ அளவுக் கட்டி. மேல்தோல் உள்ளே இழுபட்டிருந்தது. கட்டியைப் பிடித்து அசைத்தால் நெஞ்சோடு சேர்ந்து நின்றது. அக்குளில் நெறிகட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஊசி போட்டுச் சதை எடுத்து மதுரைக்கு அனுப்பினேன். பத்து நாளில் புற்று என்று எழுதி வந்தது. நெஞ்சுப் படத்திலும் ஈரல் ஸ்கேனிலும் எதுவும் இல்லை. வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை.

முடிவு சொல்லும் நாளில் இருவரும் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“அப்ப எடுத்துர வேண்டியதான?” என்றார் கந்தசாமி. “நாளைக்கே வச்சுக்கிடுவோம். ரத்தம் வேணும்னா ஊர்ல இருந்து நாலு பேரைக் கூட்டியாரேன்.”

“இப்ப எடுக்கக் கூடாது அண்ணாச்சி. முதல்ல மருந்து ஏத்தணும். மூணு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நாலு தடவை. கட்டி சுருங்கி, நெஞ்சை விட்டு விலகின பிறகுதான் ஆபரேஷன்.”

“முள்ளு குத்துனா முள்ளைப் பிடுங்கிட்டு மருந்து வைப்பமா, மருந்து வச்சுட்டு முள்ளைப் பிடுங்குவமா?”

சம்சாரிக்குச் சம்சாரி பாஷையிலேயே பதில் சொல்வோம் என்று நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். “மழை பெய்ஞ்ச மறுநாளே கரிசல்ல ஏர் பூட்டுவீங்களா? பதம் வரட்டும்னு காத்திருப்பீங்கல்லா? அதே மாதிரிதான் இதுவும்.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “ஒரு வருசம் வெள்ளாமை தப்புனா அடுத்த வருசம் போட்டுக்கிடலாம் டாக்டரம்மா. இவளுக்கு?”

பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது நம் தொழிலில் பலருக்கும் உள்ள வழக்கம். “இதுதான் சரியான வழி. எனக்கு இதுல சந்தேகமே இல்ல” என்றேன்.

“வேற ஊர்ல ஒரு டாக்டர்கிட்டக் கேட்டோம். நாளைக்கே எடுத்துருதேங்காரு. நீங்க புத்தை உள்ள வச்சுக்கிட்டே மூணு மாசம் இருக்கச் சொல்லுதீங்க.”

“அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நான் அவங்ககிட்டப் பேசணும்.”

அவர் எழுந்து போனார். கதவைச் சாத்தினேன். இதுவரை நான் செய்ததில் தப்பு இல்லை. நோய் யாருக்கோ அவளிடம் யாருமே எதையும் கேட்கவில்லை, நானும் சேர்த்துத்தான். அவளிடம் தனியாகப் பேசியே ஆகவேண்டும்.

சண்முகத்தாய் மேசை விரிப்பின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். “எடுத்துட்டா போயிட்டுதுன்னு இருக்கும்” என்றாள். “இல்லைன்னா மூணு மாசமும் அது என் கூடவே படுத்து, என் கூடவே எந்திரிக்கும்லா.”

“ஆமா.”

“ஒங்களுக்கு வந்தா என்ன செய்வீங்க?”

இந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள். பலரும் நழுவிவிடுவார்கள். நான் நழுவவில்லை. “மருந்துதான் முதல்ல ஏத்திக்கிடுவேன்.”

“பயமா இருக்காதா?”

“இருக்கும். சுருங்காமப் போயிட்டா என்ன செய்யன்னு தினமும் நினைப்பேன். கட்டாயம் சுருங்கும்னு என்னால சொல்ல ஏலாது. பாதிவழியில கேக்கலைன்னா மாத்தி யோசிக்கணும். அதுக்குள்ள கொஞ்ச நாள் வீணாப் போயிருக்கும்.”

அவள் நூலை விட்டுவிட்டு நிமிர்ந்து, “அப்ப சரி” என்றாள்.

“எது சரி?”

“நீங்களும் பயப்படுதீங்கல்லா. அப்ப யோசிச்சுத்தான் சொல்லுதீங்க. ஏத்திக்கிடுதேன்.”

எழுந்து கதவைத் திறந்து வெளியே போனாள். நான் மணியை அடித்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டேன். கதவு மூடும்போது கந்தசாமியின் குரல் கேட்டது. “ஒன் இஷ்டம் தாயி.” அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டதாகக்கூட ஞாபகம்.

மதுரையில் புற்றுநோய் மருந்து கொடுக்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். அவரை அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை. என் நோயாளிகள் கையில் கடிதம் கொடுத்து அனுப்புவேன், அவர்கள் கையிலேயே பதில் வரும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய்வர சண்முகத்தாயால் முடியாது என்று எழுதினேன். மருந்தின் அளவு, கொடுக்கும் முறை, எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். மருந்தை நானே ஏற்றினேன். செம்பருத்தி நிறத்தில் இருக்கும் அந்த மருந்து ஒரு சொட்டு ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தாலும் சதை வெந்துவிடும். அதனால் ஊசியைப் பிடித்தபடி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். மருந்து உள்ளே போகும் நேரமெல்லாம் அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

தனியாகத்தான் வந்தாள். “அண்ணன் வரலையா?” என்று முதல் தடவை கேட்டேன். “மழை வரப் போவுதுல்லா, காட்டுல வேலை கிடக்கு” என்றாள். இரண்டாம் தடவை கேட்டபோது, “விதைப்பு” என்றாள். அது விதைப்புக் காலம்தான், பொய்யில்லை. அந்தப் பதில் எனக்கு வசதியாகவும் இருந்தது. வாக்குவாதம் செய்யும் ஒருவர் வராமல் இருந்தால் டாக்டருக்கு வேலை சுலபம். மருந்து ஏற்றிய அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிடுவாள். வழியெல்லாம் வாந்தி. கண்டக்டர் ஒருவர் அவளைப் பார்த்ததும் ஒரு பாலிதீன் பையை எடுத்து நீட்டிவிடுவாராம். “நல்ல மனுசன், என்ன ஏதுன்னு கேக்கவே மாட்டாரு” என்று அவள் சொன்னபோது, அதை நான் ஒரு நல்ல செய்தியாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

முடி கொட்டியது. யூனிட்டில் தைக்கிற கவுன் மேலெல்லாம் முடி விழுகிறது என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டிருக்கிறார். வெட்டி மிஞ்சிய துணியில் அவளே தலைக்கு ஒரு கட்டு தைத்துக்கொண்டாள். பக்கத்து மிஷின்காரிகள் பேன் மருந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கழுவிய பழைய எக்ஸ்ரே பிலிமைக் கட்டியின் மேல் வைத்து, மை பேனாவால் சுற்றளவை வரைந்து வைப்பேன். முதல் தடவைக்குப் பிறகு வரைந்ததும், இரண்டாம் தடவைக்குப் பிறகு வரைந்ததும், ஆரம்பத்தில் வரைந்ததும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அச்சாகப் பொருந்தின. கட்டி நூலளவுகூடக் குறையவில்லை.

அந்தப் பிலிம்களை மாடி அறைக்கு எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். ஆறு வாரம் போய்விட்டது. இப்போதே நிறுத்திவிட்டு எடுத்துவிடலாமா? எடுத்தால் நாகலாபுரத்து அம்மாவுக்கு நடந்ததே நடக்கலாம். தொடர்ந்து மருந்து ஏற்றி, கேட்காமல் போனால், உள்ளே வைத்து வளர்த்துவிட்ட பழி என்னுடையது. அந்த வேறு ஊர் டாக்டர் எடுத்திருந்தால் இந்நேரம் காயமே ஆறியிருக்கும். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. கீழே நர்ஸ்கள் இருந்தார்கள், கம்பவுண்டர் இருந்தார். அவர்கள் முன்னால் நான் தடுமாறக் கூடாது என்று ஒரு வீம்பு.

மறுநாள் மதியம் மதுரைக்குப் போன் போட்டேன். முதல்முறையாக அந்த டாக்டரின் குரலைக் கேட்டேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னக் குரல். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

“அளவு சொன்னீங்க. சரி. ஆரம்பத்துல நெஞ்சோட ஒட்டியிருந்ததுன்னு எழுதியிருந்தீங்க. இப்ப அசையுதா?” என்று கேட்டார்.

வரைவதில் இருந்த குறியில் அதை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

“தொட்டுப் பார்க்கிற கை உங்களோடது. இங்க இருந்து நான் என்னத்தைச் சொல்ல? பார்த்துட்டுக் கூப்பிடுங்க” என்று வைத்துவிட்டார்.

புதியம்புத்தூர் யூனிட்டுக்குத் தகவல் சொல்லி மறுநாளே அவளை வரவழைத்தேன். இடுப்பில் கையை ஊன்றி அழுத்தச் சொல்லி, நெஞ்சுத்தசை இறுகியிருக்கும்போது கட்டியைப் பிடித்து அசைத்தேன். அசைந்தது. லேசாக, ஆனால் நிச்சயமாக. மேல்தோலின் குழிகளும் ஆழம் குறைந்திருந்தன. அளவு குறையும் முன்பே அது பிடியை விடத் தொடங்கியிருந்தது. என் முகத்தைப் பார்த்தே அவள் கேட்டாள், “கேக்குதோ?”

“கேக்குது.”

அவள் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். இருவரும் சிரித்தோம். நான் மூன்றாம் தடவை மருந்தை ஏற்றினேன்.

ஒவ்வொரு தடவையும் மருந்து ஏற்றிய பத்தாவது பதினோராவது நாளில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துபோகும். அப்போது வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை. ‘காய்ச்சல் வந்தால் உடனே வரவும்’ என்று சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டுக் கொடுத்திருந்தேன். முதல் இரண்டு தடவை ஒன்றும் வரவில்லை. மூன்றாவது தடவை வந்தது.

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பகல் பதினொரு மணி வாக்கில் ஓர் ஆட்டோவில் அவளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முழங்கால் வரை கரிசல் சேறு அப்பியிருந்தது. பஸ்ஸில் மயங்கிச் சாய்ந்தவளைக் கண்டக்டரும் யாரோ ஓர் அம்மாவும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். உடம்பு கொதித்தது. நாடி பிடிபடவில்லை. காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மூன்று நாளும் அந்த அறையிலேயே படுத்துக் கிடந்திருக்கிறாள். அண்ணன் மனைவி எட்டிப் பார்த்ததற்கு, “மருந்துச் சூடு, சரியாப் போவும்” என்று சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் காலையில் தானாக எழுந்து, மழையில் நடந்து, பஸ் ஏறியிருக்கிறாள். வெள்ளை அணுக்களை எண்ணிய லேப்காரர் தப்பாக எண்ணிவிட்டோமோ என்று இரண்டாம் முறையும் எண்ணினார். அவ்வளவு குறைவு.

ஊசிகளைப் போட்டு, இரண்டு கையிலும் சலைன் ஏற்றி, மற்றவர்களிடமிருந்து தள்ளியிருந்த ஓர் அறையில் படுக்கவைத்தேன். கொஞ்சம் கண் திறந்தபோது கோபமாகக் கேட்டேன், “காய்ச்சல் வந்தா உடனே வரணும்னு எழுதிக் குடுத்தேன்லா?”

“வாசிச்சேன்” என்றாள். உதடு வெடித்திருந்தது. “யாரைக் கூப்பிட?”

ஒரு சீட்டு எழுதிக் கொடுத்ததோடு என் பொறுப்பு முடிந்தது என்று இருந்திருக்கிறேன். எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை நாள் இடைவெளி என்று ஆயிரம் கேட்டேன். நடக்க முடியாமல் போனால் உன்னை யார் கூட்டிவருவார்கள் என்று கேட்கவில்லை. கத்தி முதலில் என்றால் பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மருந்து முதலில் என்றால் அந்த மாதங்களை அவள் எங்கேயோ ஓர் அறையில் கழிக்க வேண்டும். முடிவு எடுக்கும்போது கட்டியைப் பார்த்தேன். அந்த அறையைப் பார்க்கவில்லை.

ஊர் டீக்கடைக்குப் போன் பண்ணி அண்ணனுக்குத் தகவல் சொன்னோம். சாயங்காலத்துக்குள் கந்தசாமி வந்துவிட்டார். விதைத்துக்கொண்டிருந்த காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். கதவின் கண்ணாடி வழியாகத் தங்கச்சியைப் பார்த்தார். தலைத்துணி விலகி மொட்டைத்தலை தெரிந்தது. அதுவரை அவர் அதைப் பார்த்ததில்லை என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். “ஒரே வீட்டுக்குள்ள மூணு நாளா காய்ச்சல்ல கிடந்திருக்காங்க அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியலையா?”

அவர் குரலை உயர்த்தவில்லை. “வெளிய இருங்கன்னு சொன்னீங்க. இருந்தேன். உள்ள வாங்கன்னு பெறகு யாருமே கூப்பிடலையே டாக்டரம்மா.”

நடைபாதையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் மேலும் சொன்னார். “அவ வந்து, மருந்துதான் ஏத்திக்கிடப் போறேன்னா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. இந்த மருந்து என்ன செய்யும், என்ன திங்கணும், என்ன திங்கக் கூடாது, ஒண்ணும் தெரியாது. கேக்கப் போனா, அண்ணன் எடுக்கச் சொல்லி மறுபடியும் மல்லுக்கு நிக்கான்னு நினைப்பாளேன்னு கேக்கல. அவ மூஞ்சியைப் பாக்கப் பயந்துக்கிட்டுக் காட்டுலேயே கிடந்தேன். நாங்க ரெண்டு பேரும் பேசி ரெண்டு மாசமாச்சு.”

அவரை எதிராளி என்று கணக்குப் போட்டிருந்தேன். தங்கச்சியின் நோயைக் கேட்டுக் கலங்கி, தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர். அவளுக்கு இருந்த ஒரே துணை அவர். அந்தத் துணையை நானே கதவுக்கு வெளியே அனுப்பிவிட்டு, மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஆறு நாளில் காய்ச்சல் இறங்கியது. அந்த ஆறு நாளும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. வேலை ஓய்ந்த நேரத்தில் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் போய் உட்காருவேன். ஒருநாள் கேட்டாள், “நீங்க மாடியில ஒத்தையிலதான் இருக்கீங்களாம்ல? சிஸ்டர் சொன்னாவ.”

“ஆமா.”

“ராத்திரி பயமா இருக்காதா?”

“பழகிட்டு.”

“பழகத்தான் செய்யும்” என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “பழகுனா நல்லதுன்னு இல்ல.”

நான்காம் தடவை மருந்து ஏற்றும் முன்பு இருவரையும் சேர்த்து உட்காரவைத்தேன். சண்முகத்தாயின் சம்மதத்தோடு எல்லாவற்றையும் கந்தசாமிக்குச் சொன்னேன். என்ன மருந்து, எந்த நாளில் ஆபத்து, வாய்ப்புண் வந்தால் என்ன கொடுப்பது. தெர்மாமீட்டரைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். பாதரசக் கோடு பிடிபட அவருக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அதன்பின் ஊரில் தினமும் நாலு வேளை அவளுக்குக் காய்ச்சல் பார்த்திருக்கிறார். “இந்தா, கக்கத்துல வைய்யி, வைய்யின்னு உயிரை எடுக்காவ” என்று அவள் குறை சொன்னபோது, அவள் குரலில் குறை இல்லை.

மார்கழியில் ஆபரேஷன் செய்தேன். கட்டி நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கி நெஞ்சை விட்டுத் தனியாக வந்தது. தோலை இழுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் தானாகச் சேர்ந்தது. வெளியே வந்து கந்தசாமியிடம் சொன்னேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு மதுரையில் கதிர்வீச்சு. உளுந்து அறுப்பை மச்சினன் பொறுப்பில் விட்டுவிட்டு ஐந்து வாரமும் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் அவள் கூடவே தங்கினார். அக்குள் கட்டிகளையும் எடுத்திருந்ததால் இடது கை கொஞ்சம் வீங்கத்தான் செய்தது. அந்த வீக்கத்தோடேயே சண்முகத்தாய் மறுபடியும் கவுனுக்குக் கை வைத்துத் தைத்தாள்.

ஒன்பது வருடம் இருந்தாள். வருடா வருடம் வந்து காட்டிவிட்டுப் போவாள். ஒன்பதாவது வருடம் முதுகுவலி என்று வந்தாள். எலும்புக்குப் போயிருந்தது. அந்தத் தடவை எந்த வழியும் பெரிதாக இல்லை என்பதையும் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் சொன்னேன். பசுவந்தனையில் அண்ணன் வீட்டில், நடு அறையில், அவர்கள் எல்லோரும் இருக்கும்போது இறந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் கந்தசாமி என்னைப் பார்க்க வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நோயாளிகள் எல்லாம் போன பிறகு உள்ளே வந்து, முடிவு சொன்ன நாளில் அவர் உட்கார்ந்திருந்த அதே பக்கத்தில் உட்கார்ந்தார். டீ வரவழைத்தேன்.

“ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா. குத்தம் சொல்லுதேன்னு நினைச்சுக்கிடாதீங்க. அன்னைக்கே மொதல்ல எடுத்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளோ?”

பதில் சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. படித்தது, பார்த்தது, நாகலாபுரத்து அம்மாவின் தழும்பு. மருந்து முதலில் என்று நான் எடுத்த முடிவை இன்றும் நான் மாற்ற மாட்டேன். ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. அவளைப் பற்றிக் கேட்டார். அவள் ஒருத்தியைப் பற்றி.

“தெரியாது அண்ணாச்சி” என்றேன். “அன்னைக்கும் எனக்கு நிச்சயமாத் தெரியாது. இதுதான் நல்லதுன்னு பட்டுச்சு. அவகிட்ட அப்படித்தான் சொன்னேன்.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸை மேசையில் வைத்தார்.

“என்கிட்டயும் அப்படிச் சொல்லியிருக்கலாம்லா” என்றார். “தெரியாதுன்னு சொல்லியிருந்தா, நானும் அன்னைக்கே கூட நின்னுருப்பேன்.”